‘போடு’ தெரிந்தவர்களுக்கு ‘புட் ஆன்’

சட்டை போடு, லைட் போடு, பாட்டு போடு, பிரேக் போடு, நாடகம் போடு, வேஷம் போடு. இந்த ஆறையும் ஆங்கிலத்தில் சொல்ல ஒரே வினை போதும்: ‘புட் ஆன்’. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவரைப் பார்த்து “கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்களே” என்கிறோமே, அதற்கும் ‘புட் ஆன்’தான். ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வினையைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இதன் பாதிப் பொருள் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

சிக்கல் எதிர்ச்சொல்லில் தொடங்குகிறது. தமிழில் போட்ட சட்டையைக் கழற்றுகிறோம், போட்ட லைட்டை அணைக்கிறோம், போட்ட வேஷத்தைக் கலைக்கிறோம், போட்ட வெயிட்டைக் குறைக்கிறோம். வினை ஒன்று, எதிர்வினைகள் பல. ஆங்கிலத்திலும் அப்படியேதான். “புட் ஆனுக்கு எதிர்ச்சொல் என்ன?” என்று யாராவது கேட்டால், “எதைப் போட்டீர்கள்?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் அதில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

முதலில் ‘புட்’

‘புட்’ என்ற வினை காலத்துக்கு ஏற்ப மாறாது. இன்று போடுவதும் ‘புட்’, நேற்றுப் போட்டதும் ‘புட்’, ‘ஹாவ்’ சேர்த்துச் சொன்னாலும் ‘புட்’. ‘புட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. “எவ்ரி மார்னிங் ஐ புட் ஆன் மை ஷூஸ்” என்றால் தினமும் போடுகிறேன். “யெஸ்டர்டே ஐ புட் ஆன் மை ஷூஸ்” என்றால் நேற்றுப் போட்டேன். காலத்தைக் காட்டுவது பக்கத்தில் வரும் சொல். ‘ஹி’, ‘ஷி’ வரும்போது மட்டும் ஒரு வசதி உண்டு: “ஹி புட்ஸ் ஆன்” என்றால் வழக்கம், “ஹி புட் ஆன்” என்றால் முடிந்துபோனது. அந்த ஓர் ‘ஸ்’ஸைக் காதில் வாங்கப் பழகுங்கள். ‘புட்டிங்’ என்று எழுதும்போது ‘டி’ எழுத்து இரண்டு முறை வரும்.

உச்சரிப்பு ‘புளி’யில் வரும் ‘பு’தான். ‘கட்’, ‘பட்’ என்பவற்றோடு எழுத்தில் ஒத்திருந்தாலும் ஒலியில் ஒத்துப்போகாது. கடைசியில் ‘டு’ என்று உகரம் சேர்க்காதீர்கள். சேர்த்தால் காலைப் பலகாரத்தின் பெயராகிவிடும். ஆங்கிலேயர்களோ அமெரிக்கர்களோ வேகமாகப் பேசும்போது இரண்டு சொல்லும் ஒட்டி ‘புட்டான்’ என்று கேட்கும். “புட் இட் ஆன்” என்பது ‘புட்டிட்டான்’ போலக் காதில் விழும். அழுத்தம் கடைசி ‘ஆன்’ மேல் விழுகிறது. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால், பேசுகிறவர் என்ன சொன்னார் என்று திகைக்க வேண்டியிருக்காது.

ஒரு குட்டி வினையும் ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தரும் இந்த வகைக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். இந்தப் பெயரை 1925இல் எழுத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் லோகன் பியர்சல் ஸ்மித். அதைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறித்திருக்கிறார். பெயருக்குத்தான் வயது குறைவு. இப்படிச் சேர்த்துப் பேசும் வழக்கம் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

எதை எங்கே வைப்பது

“புட் ஆன் யுவர் ஷர்ட்” சரி. “புட் யுவர் ஷர்ட் ஆன்” என்பதும் சரி. போடும் பொருளை ‘ஆன்’னுக்குப் பின்னாலும் வைக்கலாம், ‘புட்’டுக்கும் ‘ஆன்’னுக்கும் நடுவிலும் வைக்கலாம்.

ஆனால் சட்டை என்று சொல்லாமல் ‘அதை’ என்று சொன்னால் நடுவில் மட்டும்தான் இடம். “புட் இட் ஆன்”, “புட் தெம் ஆன்” என்றே சொல்ல வேண்டும். “புட் ஆன் இட்” என்றால் அதைப் போட்டுக்கொள் என்ற பொருள் வராது. எதையோ எதன்மேலோ வைக்கச் சொல்வதுபோல் குழப்பும். ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹர்’ எல்லாம் நடுவில். இந்த ஒரு விதியை வாயில் பழக்கிவிட்டால் ‘டேக் ஆஃப்’, ‘டர்ன் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று இந்தக் கட்டுரையில் வரப்போகும் மற்ற வினைகளுக்கும் அதுவே போதும்: “டேக் இட் ஆஃப்”, “டர்ன் இட் ஆன்”.

பெயர் நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பதே நல்லது. “புட் த ப்ளூ ஷர்ட் தட் யுவர் அங்கிள் பாட் ஃப்ரம் மதுரை ஆன்” என்று இழுத்தால் கேட்கிறவர் ‘ஆன்’ வருவதற்குள் களைத்துவிடுவார். “புட் ஆன் த ப்ளூ ஷர்ட்…” என்று முதலிலேயே ஆன்னை வைத்துவிடுங்கள்.

உடம்பில் போடுவது

இதுதான் முதலில் பழக வேண்டிய பொருள். நம் ஊரில் இதற்கே எத்தனை வினைகள்! சட்டை போடுகிறோம், வேட்டி கட்டுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், தொப்பி வைக்கிறோம், பவுடர் பூசுகிறோம், சென்ட் அடிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் உடுப்புப் போடுகிறார்கள். ஆங்கிலம் இத்தனையையும் ‘புட் ஆன்’ என்ற ஒன்றில் அடக்கிவிடுகிறது. “ஷி புட் ஆன் எ சாரி”, “ஹி புட் ஆன் ஹிஸ் கிளாசஸ்”, “புட் ஆன் சம் பவுடர்”, “ஐ ஃபர்காட் டு புட் ஆன் பெர்ஃப்யூம்”. வளையல், மோதிரம், வாட்ச், ஹெல்மெட், முகக்கவசம், சீட் பெல்ட், லிப்ஸ்டிக், சன்ஸ்கிரீன் எல்லாம் இதில் அடக்கம்.

தலையில் பூ வைப்பது மட்டும் விலக்கு. அதை ‘புட் ஆன்’ என்பதில்லை. “ஷி புட் ஜாஸ்மின் இன் ஹர் ஹேர்” என்று ‘இன்’ வரும்.

எதிர்ச்சொல் ‘டேக் ஆஃப்’. “டேக் ஆஃப் யுவர் ஷூஸ்”, “ஹி டுக் ஆஃப் ஹிஸ் கிளாசஸ்”. கோயில் வாசலில் வெளிநாட்டு விருந்தினரிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டுமா? “ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ் ஹியர்” என்றால் போதும். அறிவிப்புப் பலகையில் ‘ரிமூவ்’ என்று எழுதியிருப்பார்கள். பொருள் ஒன்றுதான், பேச்சுக்கு அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ‘டேக் அவுட் யுவர் ஷூஸ்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொன்னால் பைக்குள்ளிருந்து ஷூவை வெளியே எடுக்கச் சொல்வதாகிவிடும்.

இந்த வகைக்குள்ளும் எதிர்ச்சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சீட் பெல்ட்டை ‘டேக் ஆஃப்’ செய்யலாம், ‘அன்ஃபாசன்’ அல்லது ‘அன்டூ’ என்றும் சொல்லலாம். மேக்கப்பை ‘டேக் ஆஃப்’ செய்யலாம். சன்ஸ்கிரீனை ‘வாஷ் ஆஃப்’ செய்ய வேண்டும். சென்ட் வாசனையை யாரும் கழற்ற முடியாது. அது தானாகப் போகும், அதற்கு ‘வேர் ஆஃப்’ என்று பெயர்: “த ஸ்மெல் வில் வேர் ஆஃப் பை ஈவினிங்”. எதிர்ச்சொல்லைத் தேடும்போது அந்தப் பொருள் நிஜத்தில் எப்படி உடம்பை விட்டுப் போகிறது என்று ஒரு நொடி யோசியுங்கள். பெரும்பாலும் வினை அங்கேயே கிடைக்கும்.

போடுவதும் போட்டிருப்பதும்

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்றே போகலாம்.

‘புட் ஆன்’ என்பது போடுகிற செயல். கையை நுழைத்து, பட்டனை மாட்டி முடிக்கும் வரைதான் அதற்கு ஆயுள். போட்டு முடித்த பிறகு உடம்பில் இருப்பதைச் சொல்ல ‘வேர்’ வேண்டும். தமிழில் ஒரே வினையை வைத்துக்கொண்டு, ‘போடுகிறான்’, ‘போட்டிருக்கிறான்’ என்று முடிவை மட்டும் மாற்றி இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினையே மாறிவிடும்.

“அவன் நீலச் சட்டை போட்டிருக்கிறான்” என்பதை “ஹி இஸ் புட்டிங் எ ப்ளூ ஷர்ட்” என்றால் இரண்டு பிழை. ‘ஆன்’ இல்லை என்பது ஒன்று. ஆனைச் சேர்த்து “ஹி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஷர்ட்” என்றாலும், அவன் இப்போதுதான் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருளாகும். சரியான வாக்கியம் “ஹி இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்”.

ரயில் நிலையத்தில் ஒருவருக்காகக் காத்திருக்கிறீர்கள், அவருக்கு உங்களைத் தெரியாது. ஃபோனில் அடையாளம் சொல்கிறீர்கள்: “ஐ ஆம் வேரிங் எ ஒயிட் ஷர்ட்”. அங்கே ‘புட்டிங் ஆன்’ என்று சொன்னால், பிளாட்பாரத்தில் நின்றபடி சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் நினைப்பார். காவல் நிலையத்தில் காணாமல்போனவரின் அடையாளம் சொல்லும்போதும் இதே விதிதான்: “ஹி வாஸ் வேரிங் எ க்ரீன் லுங்கி”.

சோதிக்க ஒரு வழி: தமிழ் வாக்கியத்தில் ‘-இரு’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருக்கிறார், கட்டியிருந்தாள், மாட்டியிருப்பார் என்று வந்தால் ‘வேர்’. போட்டார், கட்டிக்கொண்டாள், மாட்டினார் என்று வந்தால் ‘புட் ஆன்’. ஆடை அணிகளைப் பொறுத்தவரை இது அநேகமாக எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

லைட், ஃபேன், அடுப்பு

“லைட் போடு” என்பதை “புட் த லைட்” என்று சொல்லி நிறுத்திவிடுவது நம் ஊரில் சகஜம். ‘ஆன்’ இல்லாமல் அந்த வாக்கியம் முடிவதில்லை. “புட் த லைட் ஆன்”, “புட் த ஃபேன் ஆன்” என்று சொல்லுங்கள். ‘டர்ன் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆன்’ என்றாலும் சரி. அமெரிக்காவில் ‘டர்ன் ஆன்’தான் அதிகம் காதில் விழும். டிவியில் செய்தி போடுவது “புட் த நியூஸ் ஆன்”, பாட்டு போடுவது “புட் ஆன் சம் மியூசிக்”.

எதிர்ச்சொல் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’. “டர்ன் த லைட் ஆஃப்”, “ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்”. ‘ஆன்’னுக்கு எதிர் ‘ஆஃப்’ தானே, அப்படியானால் ‘புட் ஆஃப்’ என்று சொல்லலாமே என்று தோன்றும். “புட் ஆஃப் த லைட்” நம் ஊரில் நன்றாகவே புழங்குகிறது, பிரிட்டனிலும் சிலர் சொல்வதுண்டு, கேட்பவருக்குப் புரியும். ஆனால் ‘புட் ஆஃப்’ என்றதும் ஆங்கிலம் பேசுகிறவர் மனதில் முதலில் வருவது தள்ளிப்போடுவது. “தே புட் ஆஃப் த மீட்டிங்” என்றால் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். “த ஸ்மெல் புட் மி ஆஃப்” என்றால் அந்த வாடை எனக்குச் சாப்பிடும் ஆசையையே போக்கிவிட்டது. ஆகவே ‘புட் ஆன்’னுக்கு எதிர் ‘புட் ஆஃப்’ என்று நோட்டில் எழுதி வைக்காதீர்கள். அணைப்பதற்கு ‘டர்ன் ஆஃப்’ என்று பழகினால் எந்த ஊரிலும் சிக்கல் வராது.

விளக்கு, மெழுகுவர்த்தி போலத் தீயால் எரிவதை ஏற்றுவது ‘லைட்’, அணைப்பது ‘புட் அவுட்’. அங்கே ‘புட் ஆன்’னுக்கு வேலை இல்லை.

சமையலறையில் இந்த வினை அழகாகப் பொருந்தும். பிரிட்டனில் வீட்டுக்கு ஆள் வந்ததும் “ஐ’ல் புட் த கெட்டில் ஆன்” என்பார்கள். டீ போடத் தண்ணீர் சுட வைக்கிறேன் என்று அர்த்தம். உலை வைத்துவிட்டேன் என்று நாம் சொல்வதை “ஐ ஹாவ் புட் த ரைஸ் ஆன்” என்று சொல்லலாம். அடுப்பிலிருந்து இறக்குவது “டேக் இட் ஆஃப் த ஸ்டவ்”. மின்சாரக் கெட்டில் என்றால் ‘ஸ்விட்ச் ஆஃப்’.

வண்டியில் பிரேக் போடுவது “புட் ஆன் த பிரேக்ஸ்”, விடுவது ‘ரிலீஸ்’. ஹேண்ட்பிரேக்குக்கு மட்டும் “டேக் த ஹேண்ட்பிரேக் ஆஃப்” என்றும் சொல்வார்கள்.

எடையும் விலையும்

“ஹி ஹாஸ் புட் ஆன் வெயிட்”, வெயிட் போட்டிருக்கிறார். “ஷி புட் ஆன் ஃபைவ் கிலோஸ்”, ஐந்து கிலோ கூடிவிட்டது. எதிர்ச்சொல் ‘லூஸ்’: “ஐ வான்ட் டு லூஸ் வெயிட்”. இதன் இறந்தகாலம் ‘லாஸ்ட்’. தளர்வான சட்டையைச் சொல்லும் ‘லூஸ்’ வேறு. எழுத்திலும் ஒலியிலும் இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. எடையைச் சொல்லும்போது ‘வெயிட்’டை நடுவில் நுழைக்காமல் “புட் ஆன் வெயிட்” என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். இன்னொன்று: நம் ஊரில் பார்த்ததும் “குண்டாயிட்டீங்களே” என்று சொல்வது விசாரிப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் “யூ ஹாவ் புட் ஆன் வெயிட்” என்று முகத்துக்கு நேரே சொன்னால் பெரும்பாலானவர்கள் புண்படுவார்கள். இலக்கணம் சரியாக இருந்தும் தவிர்க்க வேண்டிய வாக்கியம் இது.

விலையில் கூட்டுவதற்கும் இதே வினைதான். “த டேக்ஸ் புட் டென் ருபீஸ் ஆன் த பிரைஸ்” என்றால் வரியால் விலை பத்து ரூபாய் ஏறியது. குறைத்தால் ‘டேக் ஆஃப்’: “ஹி டுக் டென் ருபீஸ் ஆஃப்”. கடையில் பேரம் பேசும்போது “கேன் யூ டேக் சம்திங் ஆஃப்?” என்று கேட்கலாம்.

நாடகம், கண்காட்சி, சிறப்பு ரயில்

பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போடுவது “புட் ஆன் எ ப்ளே”. கண்காட்சி, கச்சேரி, விருந்து என்று மக்களுக்காக ஏற்பாடு செய்யும் எதற்கும் இது பொருந்தும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஸ்பெஷல் ரயில் விடுகிறார்களே, அதுவும் ‘புட் ஆன்’: “த ரயில்வேஸ் புட் ஆன் எக்ஸ்ட்ரா ட்ரெயின்ஸ் ஃபார் பொங்கல்”. எதிர்ச்சொல் ‘கேன்சல்’. சேவையை நிரந்தரமாக நிறுத்திவிட்டால் ‘வித்ட்ரா’. தேதி மட்டும் தள்ளிப்போனால், மேலே பார்த்த ‘புட் ஆஃப்’ இங்கே சரியாக வந்து உட்காரும்.

வேஷம் போடுவது

“சீன் போடாதே” என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் ஆங்கிலம் வேறு கிடைக்காது. “ஹி இஸ் ஜஸ்ட் புட்டிங் இட் ஆன்” என்றால் சும்மா நடிக்கிறான். பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்று வலி என்று படுத்திருக்கும் பிள்ளையைப் பற்றி அம்மா சொல்கிற வாக்கியம் அது. இங்கே ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டாம், அந்தச் சேர்க்கை அப்படியே வரும். வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து இழுத்து இழுத்துப் பேசுபவர் “புட்ஸ் ஆன் அன் ஆக்சென்ட்”. பெரிய மனுஷத்தனம் காட்டுபவர் “புட்ஸ் ஆன் ஏர்ஸ்”.

எல்லா வேஷமும் ஏமாற்று இல்லை. துக்கத்தை மறைத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் தைரியமாக இருப்பது “புட் ஆன் எ பிரேவ் ஃபேஸ்”. அதில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை, பரிவுதான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சொல்லாக ‘டேக் ஆஃப்’ இங்கே வராது. வேஷத்தைக் கலைப்பது ‘டிராப் த ஆக்ட்’. இயல்பாக இரு என்பதற்கு ‘பி யுவர்செல்ஃப்’. அமெரிக்கர்கள் “ஆர் யூ புட்டிங் மி ஆன்?” என்று கேட்டால், “என்னைக் கலாய்க்கிறீர்களா?” என்று பொருள். “நோ, ஐ ஆம் சீரியஸ்” என்பது அதற்கான பதில்.

கிரிக்கெட்டில்

வர்ணனையை ஆங்கிலத்தில் கேட்பது இந்த வினையைப் பழக நல்ல வழி. அங்கே இது இரண்டு பொருளில் ஓயாமல் வரும்.

ஒன்று, இரண்டு மட்டையாளர்கள் சேர்ந்து ரன் குவிப்பது. 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தார்கள். மன்கட் 231, ராய் 173. தொடக்க ஜோடியின் அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. இதைச் சொல்லும் வாக்கியம்: “மன்கட் அண்ட் ராய் புட் ஆன் 413”. 2006இல் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்காராவும் ஜெயவர்த்தனேவும் மூன்றாவது விக்கெட்டுக்கு “புட் ஆன் 624”. இந்தப் பொருளில் எப்போதும் இருவர் வேண்டும். தனி ஒருவர் எடுத்த ரன்னை ‘ஸ்கோர்டு’, ‘மேட்’ என்பார்கள். இங்கே ‘புட் ஆன்’னுக்கு நேரான எதிர்ச்சொல் எதுவும் கிடையாது. எல்லாப் பொருளுக்கும் எதிர் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று வலிந்து தேடாதீர்கள்.

இரண்டாவது, கேப்டன் ஒருவருக்கு ஓவர் கொடுப்பது. “த கேப்டன் புட் த ஆஃப் ஸ்பின்னர் ஆன்” என்றால் ஆஃப் ஸ்பின்னரைப் பந்து போட அழைத்தார். அடி வாங்கியதும் நிறுத்திவிட்டால் “ஹி வாஸ் டேக்கன் ஆஃப் ஆஃப்டர் டூ ஓவர்ஸ்”. இங்கே எதிர்ச்சொல் கச்சிதமாக ‘டேக் ஆஃப்’. சட்டைக்கும் பவுலருக்கும் ஒரே எதிர்வினை, லைட்டுக்கு வேறு. பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதற்காகத்தான்.

மருத்துவமனையிலும் ஃபோனிலும்

டாக்டர் நோயாளிக்கு ஒரு மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது “புட் ஹிம் ஆன் இன்சுலின்”. நிறுத்தினால் “டேக் ஹிம் ஆஃப் இன்சுலின்”. இதில் நடுவில் வருவது மருந்து இல்லை, ஆள். கடைசியில் வருவதுதான் மருந்து. “புட் ஆன் எ டிரிப்”, “புட் ஆன் எ வென்டிலேட்டர்” என்பவையும் இதே வகை. வீட்டில் ஒருவர் வெளியூர் மருத்துவமனையில் இருக்கும்போது இந்த வாக்கியம் காதில் விழுந்தால் சட்டென்று புரிய வேண்டும். அதனால்தான் இதை விட்டுவிடாமல் சேர்த்திருக்கிறேன்.

ஃபோனில் “புட் அம்மா ஆன்” என்றால் அம்மாவிடம் ஃபோனைக் கொடு. “ஐ’ல் புட் யூ ஆன் ஹோல்ட்” என்றால் லைனில் காத்திருக்க வைக்கிறேன். கால் சென்டர் வேலைக்குப் போகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்லப்போகும் வாக்கியம் அது.

“புட் த பிளேட் ஆன் த டேபிள்” என்பதில் இரண்டு சொல்லும் இருந்தாலும் அது வெறும் ‘மேஜைமேல் வை’. ‘ஆன்’னுக்கு அப்புறம் ஒரு இடம் வந்தாக வேண்டும். மேலே பார்த்த விலை, மருந்து, ஹோல்ட் போன்ற சில சேர்க்கைகளைத் தவிர, ‘ஆன்’னோடு வாக்கியம் முடிந்தும் பொருள் முழுமையாக இருந்தால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘புட் ஆன்’.

‘போடு’ கைவிடும் இடங்கள்

இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று எல்லாப் ‘போடு’வையும் ‘புட்’ ஆக்கினால் தவறிவிடும். ஊசி போடுவது ‘கிவ் அன் இஞ்செக்ஷன்’. கையெழுத்துப் போடுவது ‘சைன்’. காபி போடுவது ‘மேக் காபி’. சாப்பாடு போடுவது ‘செர்வ்’. சண்டை போடுவது ‘ஃபைட்’, சத்தம் போடுவது ‘ஷவுட்’. கணக்குப் போடுவது ‘டூ எ சம்’. கோலம் போடுவது ‘டிரா’. கேஸ் போடுவது ‘ஃபைல் எ கேஸ்’. வங்கியில் பணம் போடுவது ‘டெபாசிட்’. ஃபோன் போடுவது ‘கால்’. பூட்டுப் போடுவது ‘லாக்’. பூனை குட்டி போட்டால் ‘ஹாட் கிட்டன்ஸ்’.

இவற்றுக்கெல்லாம் விதி தேடுவதைவிட, ஒரு சோதனை செய்யலாம். போட்ட பிறகு அது உடம்பின் மேல் இருக்கிறதா, அல்லது ஓடிக்கொண்டிருக்கிறதா, எரிந்துகொண்டிருக்கிறதா, அல்லது எண்ணிக்கையில் கூடியிருக்கிறதா, அல்லது நாலு பேர் பார்க்க நடக்கிறதா? ஆம் என்றால் ‘புட் ஆன்’ பெரும்பாலும் பொருந்தும். கையெழுத்து, ஊசி, சண்டை போல முடிந்துவிடுகிற காரியம் என்றால் அதற்கென்று வேறு வினை இருக்கும்.

பழகும் முறை

நோட்டில் ‘புட் ஆன்’ என்று எழுதிப் பக்கத்தில் பொருள்களை வரிசையாக அடுக்கினால் நாலு நாளில் மறந்துவிடும். போடும் பொருளின் பெயரை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் போடுகிற வாக்கியம், அதற்கும் பக்கத்தில் எதிர் வாக்கியம். ஹெல்மெட்: “புட் இட் ஆன், டேக் இட் ஆஃப்”. ஃபேன்: “புட் இட் ஆன், டர்ன் இட் ஆஃப்”. வெயிட்: “புட் ஆன் வெயிட், லூஸ் வெயிட்”. நாடகம்: “புட் இட் ஆன், கேன்சல் இட்”. காலையில் எழுந்ததிலிருந்து செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லைட் போடுவதில் தொடங்கி செருப்பு மாட்டுவது வரை, வெளியே கிளம்புவதற்குள் இந்த வினைக்குப் பலமுறை வேலை வந்துவிடும்.

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் விடையைப் பாருங்கள்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடு.
“புட் ஆன் யுவர் ஹெல்மெட் பிஃபோர் யூ ஸ்டார்ட் த பைக்.”

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.
“ஹி வாஸ் வேரிங் சன்கிளாசஸ்.” ‘-இரு’ வந்துவிட்டது, ஆகவே ‘வேர்’.

தூங்கப் போகும் முன் லைட்டை அணைத்தேன், பாப்பா மறுபடி அதைப் போட்டுவிட்டாள்.
“ஐ டர்ன்ட் ஆஃப் த லைட் பிஃபோர் கோயிங் டு பெட், பட் த சைல்ட் புட் இட் ஆன் அகெய்ன்.” ‘இட்’ நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு கிலோ போட்டான், அதில் நாலு கிலோ குறைத்துவிட்டான்.
“ஹி புட் ஆன் சிக்ஸ் கிலோஸ் ஆஃப்டர் த வெட்டிங், பட் ஹி ஹாஸ் லாஸ்ட் ஃபோர் ஆஃப் தெம்.”

அவளுக்கு வலிக்கவே இல்லை, சும்மா நடிக்கிறாள்.
“ஷி இஸ் நாட் இன் பெய்ன். ஷி இஸ் ஜஸ்ட் புட்டிங் இட் ஆன்.”

நர்ஸ் ஊசி போட்டார்.
“த நர்ஸ் கேவ் மி அன் இஞ்செக்ஷன்.” இங்கே ‘புட்’டுக்கு இடமே இல்லை.